சுமந்தவர் யார்? நடு ஆப்பிரிக்கப் பயணமும் நாசிக் பள்ளிப் பிள்ளைகளும்

காலடிப்பேட்டை என்னும் பெயரைக் கேட்போர், யாரோ ஒரு பெரியவரின் காலடி பட்ட இடம் போலும் என எண்ணுவர். உண்மையில் அது காலெட்பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராயிருந்த ஜோசப் காலெட், திருவொற்றியூரில் நெசவாளரைக் குடியேற்றி உண்டாக்கிய ஊர் அது. ஆளுநரின் பெயர் திரிந்தேனும் நிலைத்தது. அங்கே தறி நாட்டியவர்களின் பெயர்களோ மறைந்துபோயின.

இப்பேட்டையில் நடந்த ஒரு வேத ஆராய்ச்சிக் கூட்டத்தில் டேவிட் லிவிங்ஸ்டனின் கடைசிப் பயணத்தைப் பற்றிப் பேசினோம். துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அவரு அவ்வளவு தூரம் நடந்தாருன்னு சொன்னீங்க. அவரு சாமானையெல்லாம் யாரு தூக்கினாங்க?" என்று கேட்டார். திருச்சபை வரலாற்றைப் பல ஆண்டுகள் கற்பித்திருந்தும் நம்மால் விடை கூற இயலவில்லை. அவ்வினாவுக்குத் தேடிக் கண்ட விடையையே இங்கு எழுதுகிறோம். அவ்விடை நம் நாட்டோடும் தொடர்புடையது.

1. மனிதர் சுமக்க வேண்டியிருந்தது ஏன்?

நம் நாட்டில் தொலைவான கிராமங்களுக்குச் சென்ற மிஷனெரிகள் மாட்டு வண்டியிலோ குதிரையிலோ சென்றனர். நடு ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் இது இயலவில்லை. அங்குள்ள ட்செட்சி என்னும் ஈ கடித்தால் மாடும் குதிரையும் நோயுற்று மடியும். 1866இல் லிவிங்ஸ்டன் பம்பாயிலிருந்து எருமைகளையும் ஒட்டகங்களையும் கொண்டுசென்று, இவையாவது தாங்குமா எனச் சோதித்துப் பார்த்தார். ஈக்கடியாலும், உடன் சென்ற சிப்பாய்கள் அவற்றை வதைத்ததாலும் அவை ஒவ்வொன்றாக மாண்டன. ஆகவே எல்லாப் பொருளும் மனிதரின் தலையிலும் தோளிலுமே சென்றன.

நாணயம் செல்லாத அந்நாட்டில் துணியும் பாசிமணியும் செம்புக் கம்பியுமே பணம். தானியம் வாங்கவும், வழியிலுள்ள தலைவர்களுக்குச் சுங்கம் செலுத்தவும் இவை வேண்டும். இந்தியாவிலிருந்து சென்ற நீலத்துணியும் அவ்வாறு வழங்கிற்று. பயணம் நீண்டால் துணி மிகுதியாக வேண்டும். துணி மிகுந்தால் சுமையாட்கள் மிகுதியாக வேண்டும். அவர்களுக்கு உணவு வாங்க மேலும் துணி வேண்டும். தனி மனிதர் ஒருவர் அங்கே பயணம் செய்தார் என்பது எந்நாளும் உண்மையன்று.

2. பம்பாயிலிருந்து புறப்பட்டவர்கள்

1864இல் லிவிங்ஸ்டன் தம் சிறு நீராவிக் கப்பலில் சான்சிபாரிலிருந்து பம்பாய் வந்து சேர்ந்தார். உடன் வந்த ஆப்பிரிக்கருள் சூசி, அமோடா என்போர் பம்பாய்க் கப்பல்துறையில் வேலை செய்தனர். சூமா என்னும் சிறுவன் டாக்டர் ஜான் வில்சனின் மிஷன் பள்ளியில் சேர்ந்தான். 1861இல் அடிமை வாணிகரிடமிருந்து விடுவிக்கப்பட்ட பிள்ளை அவன். 1865இல் பம்பாயில் திருமுழுக்குப் பெற்றான்.

நாசிக் நகரையடுத்த சரண்பூரில் சர்ச் மிஷனெரி சங்கம் ஒரு பள்ளி நடத்திற்று. ஆங்கிலேயக் கடற்படையினர் அடிமைக் கலங்களிலிருந்து மீட்ட ஆப்பிரிக்கப் பிள்ளைகள் அங்கே எழுத்தும் கைத்தொழிலும் வேதமும் கற்றனர். 1866இல் லிவிங்ஸ்டனோடு சென்ற முப்பத்தாறு பேரில் ஒன்பதின்மர் இப்பள்ளியினர். அவர்கள் சோம்பேறிகள் என லிவிங்ஸ்டன் தம் நாட்குறிப்பில் பலமுறை குறைகூறியிருப்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. சிப்பாய்கள் திருப்பி அனுப்பப்பட்டனர்; வேறு பலர் விட்டு ஓடினர். முதலில் புறப்பட்டவர்களுள் ஏழாண்டுகளுக்குப் பின்னும் உடனிருந்தவர் சூசி, சூமா, அமோடா, கார்ட்னர், மப்ருக்கி என்னும் ஐவரே. இவர்களுள் கடைசி இருவரும் நாசிக் மாணவர். 1872இல் ஸ்டான்லி அனுப்பிய புதிய குழுவில் இன்னும் சில நாசிக் மாணவர் வந்து சேர்ந்தனர். ஜேக்கப் வெயின்ரைட் அவர்களுள் ஒருவர்.

3. சித்தம்போவின் கிராமம் முதல் கடற்கரை வரை

1873இன் தொடக்கத்தில் மழையால் பெருகிய பங்வேலு ஏரியின் சதுப்பு நிலத்தை அவர்கள் கடந்தனர். நோயுற்ற லிவிங்ஸ்டனைத் தோளிலும், பின்னர் தூக்குக் கட்டிலிலும் சுமந்து சென்றனர். இன்றைய சாம்பியா நாட்டிலுள்ள சித்தம்போவின் கிராமத்தில், 1873 மே முதல் நாள் அவர் இறந்து கிடக்கக் கண்டனர்.

அவரை அங்கேயே புதைத்துவிட்டு அவரவர் வழியே போயிருக்கலாம், கட்டளையிட எவருமில்லை. ஆயினும் அவர்கள் கூடி ஆலோசித்து, உடலைக் கடற்கரைக்குக் கொண்டுபோகத் தீர்மானித்தனர். இதயத்தையும் உள்ளுறுப்புகளையும் ஒரு மரத்தடியில் அடக்கம் செய்தனர். வெயின்ரைட் அடக்க ஆராதனை முறைமையை வாசித்தார். குருப்பட்டம் பெறாத, அடிமைக் கலத்திலிருந்து மீட்கப்பட்ட ஒரு நாசிக் மாணவரே அந்த ஆராதனையை நடத்தினார் என்பதைக் கருதுக.

உடலை உப்பிட்டு இரு வாரம் வெயிலில் உலர்த்தி, துணியும் மரப்பட்டையும் பாய்த்துணியும் சுற்றிக் கட்டினர். நடு ஆப்பிரிக்காவில் பிணத்தோடு வருவோரை ஊருக்குள் விடமாட்டார்கள். ஓரிடத்தில் எதிர்ப்புக் கடுமையானபோது, புதைக்கத் திருப்பி அனுப்பியதாகக் காட்டிவிட்டு, உடலைத் துணிப்பொதி போல் கட்டிக் கொண்டுசென்றனர். தபோராவை அடுத்த உன்யன்யெம்பேயில் எதிர்ப்பட்ட கடற்படை அதிகாரி கேமரன், அங்கேயே அடக்கம் செய்யலாம் என்றார், அவர்கள் இணங்கவில்லை. ஆயிரம் மைலுக்கு மேல் நடந்து 1874 பிப்ரவரியில் பகமோயோவை அடைந்தனர். அக்கூட்டத்தில் அமோடாவின் மனைவியும் சமையல் பணியாளருமான ஹலிமா முதலிய பெண்களும் இருந்தனர் என்பதை நம் பாடநூல்கள் பெரும்பாலும் கூறுவதில்லை.

1874 ஏப்ரல் 18 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நடந்த அடக்கத்தில், சுமந்து வந்த கூட்டத்தாருள் வெயின்ரைட் ஒருவரே பங்குபெற்றார். அங்குள்ள கல், உடலைக் கொண்டுவந்த கைகளைப் பற்றிச் சொல்கிறது. அக்கைகளுக்குரியவர்களின் பெயர்களைச் சொல்லவில்லை. ஆனால் சித்தம்போவின் மரத்தில் வெயின்ரைட் செதுக்கிய எழுத்துகளில் லிவிங்ஸ்டனின் பெயரோடு, உடன் வந்தோர் மூவரின் பெயர்களும் இருந்தன. அம்மரத்துண்டு இன்று லண்டனில் இராயல் புவியியல் கழகத்தில் உள்ளது. பெயரற்றுப் போவது எப்படிப்பட்டது என்பதை அறிந்தவர் செதுக்கியதால்தானோ அப்பெயர்கள் அதில் இடம்பெற்றன!

4. நாம் கற்க வேண்டுவன

மாற்கு நற்செய்தியாளர், சிலுவையைச் சுமந்த சீமோனை ஊர்ப்பெயர் சொல்லி அறிமுகம் செய்கிறார். அலெக்சந்தர், ரூப்பு என்னும் மக்களின் பெயர்களையும் சேர்க்கிறார். சிரேனே ஆப்பிரிக்க ஊர். ஆதித் திருச்சபை சுமந்தவரைப் பெயரோடு நினைவுகூர்ந்தது என்பதற்கு இது சான்று. சுமப்பதெல்லாம் பக்தி என்று நாம் பிரசங்கிக்கவும் கூடாது. சீமோன் பலவந்தம் பண்ணப்பட்டவர். முதல் உலகப் போரின்போது கிழக்கு ஆப்பிரிக்காவிலும் பல்லாயிரவர் சுமையாட்களாகப் பிடிக்கப்பட்டு மாண்டனர். சித்தம்போவில் கூடியவர்களோ எவரும் ஏவாமல் தாங்களே தீர்மானித்தனர். இவ்விரண்டின் வேறுபாட்டை உணராத பிரசங்கியார், சுமப்போரிடம் மேலும் சுமக்கும்படி சொல்லிவிடுவார்.

ஆகவே இறையியல் மாணவர்க்கு நாம் சொல்வது இது. கிராம ஊழியத்திற்குச் செல்லும்போது, அச்சபையின் சுவரில் பதித்த கல்லில் உள்ள பெயரோடு நின்றுவிடாதீர்கள். கல்லைச் சுமந்தவர் யார், முதன்முதலில் உபதேசியாருக்குச் சோறிட்டவர் யார் என முதியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் மறைந்தபின் எந்த ஆவணக் காப்பகமும் அதைத் தராது.

அடுத்த கூட்டத்தில் அப்பெரியவருக்கு அவ்வைந்து பெயர்களையும் வாசித்துக் காட்டினோம். "அந்தத் துறையில வேலை செஞ்சவரு பேரு இன்னொரு தரம் சொல்லுங்க, ஐயா" என்றார். சூசி என்றோம், அமோடா என்றோம். பின்னர் அவர் தம்மோடு மூட்டை சுமந்து இறந்துபோன தோழர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவற்றைச் சபையின் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.