சித்தியவானில் உச்சிவேளை ஒன்றேகாலுக்கு

சித்தியவானில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல. பிற்பகல் ஒன்றேகாலுக்கு மேல்தான் வருகிறது. நம்பிக்கை இல்லை என்றால், வெயிலடிக்கும் நாளில் வாசலில் ஒரு குச்சியை நேராக நட்டு வைத்துப் பாருங்கள். பன்னிரண்டு மணிக்கு அதன் நிழல் மேற்கே சாய்ந்து கிடக்கும். நிழல் குறுகிக் குறுகி, வடக்கு தெற்காகத் திரும்பும் நேரம்தான் நமது உண்மையான நண்பகல். ஆண்டுச் சராசரியாகப் பார்த்தால் அது 1.17 மணி. நவம்பர் தொடக்கத்தில் ஒரு மணிக்கே வந்துவிடும். பிப்ரவரியில் ஒன்றரை ஆகிவிடும். மார்ச் கடைசியிலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்பதால், அந்த நேரத்தில் குச்சிக்கு நிழலே விழாது.

கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்து, குளிர்காலத்துக்காக மறுபடி பின்னே இழுக்கும் வழக்கம் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் உண்டு. காலையில் மக்கள் தூங்கும்போது வீணாகும் வெளிச்சத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அது. மலேசியாவில் அந்த வழக்கம் இல்லை, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் பலரும் நினைக்கிறோம். சம்பந்தம் உண்டு. தீபகற்ப மலேசியா ஆண்டு முழுவதும் அப்படித் தள்ளிவைத்த கடிகாரத்தில்தான் வாழ்கிறது.

கணக்கு எளிது. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகும். மலேசிய நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 8 மணி நேரம் முந்தியது. அது 120 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டுக்குப் பொருந்திய நேரம். அந்தக் கோடு நம் நாட்டில் எங்கும் இல்லை, சபாவையும் தாண்டி சுலாவெசித் தீவின் வழியாகப் போகிறது. சித்தியவான் இருப்பதோ ஏறத்தாழ 100.7 பாகையில். வித்தியாசம் 19.3 பாகை, அதாவது 77 நிமிடம். தாய்லாந்தின் ஹாட்யாய்க்குச் சுற்றுலா போனவர்கள் இதைக் கையிலேயே பார்த்திருப்பார்கள். அந்த ஊர் கிட்டத்தட்ட நமக்கு நேர் வடக்கே இருக்கிறது. சூரியன் இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் உச்சிக்கு வருகிறது. ஆனால் எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்க வேண்டியிருக்கிறது.

இந்த 77 நிமிடம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1905 ஜூன் 1 முதல் மலாயாவில் கிரீன்விச்சுக்கு 7 மணி நேரம் முந்திய நேரம் நடப்பில் இருந்தது. அப்போது சித்தியவானின் நண்பகல் 12.17. அதன் பிறகு வெள்ளைக்காரர் ஆட்சியில் ஒரு யோசனை எழுந்தது. 1920இல் ஆளுநர் லாரன்ஸ் கில்லமார்டு அரை மணி நேரம் முன்னே தள்ளலாம் என்றார்; அது நடக்கவில்லை. பிறகு சட்டமன்ற உறுப்பினர் ஆர்னல்டு ராபின்சன் 20 நிமிடம் போதும் என்று வாதாடி வெற்றி பெற்றார். 1933 ஜனவரி 1 அன்று கடிகாரம் 20 நிமிடம் முன்னே போனது. 1941 செப்டம்பரில் இன்னும் 10 நிமிடம் சேர்ந்தது. சில மாதத்திலேயே ஜப்பான்காரர்கள் வந்து தோக்கியோ நேரத்தைத் திணித்தார்கள். அந்த நேரப்படி சித்தியவானில் விடிய எட்டு மணிக்கு மேல் ஆகியிருக்கும். 1945இல் பழைய ஏழரை மணிக் கணக்கு திரும்பியது.

கடைசி அரை மணி நேரம் பலருக்கு நினைவிருக்கும். 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை ஆனதும் கடிகாரம் பன்னிரண்டுக்குத் தாவியது. சபாவும் சரவாக்கும் ஏற்கெனவே 8 மணிக் கணக்கில் இருந்தன. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வேண்டும் என்று, பிரதமராகி ஆறு மாதம்கூட ஆகாத மகாதீர் அந்த முடிவை எடுத்தார். சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. ஒரே நாடு, ஒரே நேரம் என்பது நியாயமான ஆசைதான். ஆனால் போர்னியோ நம்மை நோக்கி வருவதற்குப் பதில், நாம் போர்னியோவை நோக்கிப் போனோம்.

1933இல் வந்த அந்த 20 நிமிடத்தைக் கேட்டவர்கள் யாருக்காகக் கேட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அலுவலகம் முடிந்தவர்களுக்கு விளையாடவும் உலாவவும் சாயங்காலத்தில் கூடுதல் வெளிச்சம் வேண்டும் என்பதுதான் வாதம். துரைக்கும் கிராணிக்கும் அது பயன்பட்டிருக்கலாம். சுங்கை வாங்கியிலும் ஆயர் தாவார் பக்கத் தீம்பார்களிலும் பால்மரம் வெட்டிய நம்மவர்களுக்கு அதனால் என்ன பயன்?

பால்மரத்துக்குக் கடிகாரம் தெரியாது. விடியற்காலைக் குளிர்ச்சியில் மரத்துக்குள் நீரின் அழுத்தம் கூடுதலாக இருக்கும். பட்டையில் சாய்வாகக் கத்தி ஓடியதும் பால் கோட்டில் வழிந்து மங்கில் சொட்டும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக விட்டுவிடுவதால் அழுத்தம் இறங்கி, பால் உறைந்து, ஓட்டம் நின்றுவிடும். எனவே எந்த நேரச் சட்டம் வந்தாலும் வெட்டு வேலை விடியலை ஒட்டித்தான் நடக்க வேண்டும். நேரத்தை முன்னே தள்ளிவிட்டு, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மணியை மட்டும் பழைய நேரத்துக்கே அடித்தால், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நடக்கும் இருட்டுதான் நீளும். அட்டையும் கொசுவும் பாம்பும் உள்ள இருட்டு அது.

இன்று பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்தவர்களின் பிள்ளைகள்தான் இப்போது அந்த இருட்டில் நடக்கிறார்கள். பிப்ரவரி தொடக்கத்தில் சித்தியவானில் சூரியன் எழ ஏறக்குறைய ஏழரை ஆகிறது. பெரும்பாலான காலைப் பள்ளிகள் தொடங்குவதும் அந்த நேரத்தை ஒட்டித்தான். வேன் ஆறரைக்கு வாசலில் நிற்கும் என்றால், பிள்ளை ஆறு மணிக்கு முன்பே எழுந்து குளிக்க வேண்டும். பசியாற அதற்கு மனம் வராது. “பாட்டி, இன்னும் விடியவே இல்லையே” என்று கண்ணைக் கசக்கும் பேரனிடம், “நாங்க பெரட்டுக்குப் போனப்பவும் இப்படித்தான்டா கண்ணு” என்று சொல்லும் பாட்டிகள் நம்மிடம் நிறைய. அவர்கள் பட்ட பாடு உண்மை. அதைப் பேரப்பிள்ளையும் படவேண்டும் என்பதில்லை.

சாயங்காலத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சு மாறிவிடும். ஏழு மணிக்குக்கூடத் திடலில் பந்து தெரிகிறது. வேலை முடிந்து வந்து கொடியில் துணியை எடுக்கலாம், பிள்ளைகளை லூமுட் கடற்கரைக்குக் கூட்டிப்போய் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பலாம். ஐரோப்பாவிலும் மக்கள் இதைத்தான் பேசுகிறார்கள். 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் கருத்துக் கேட்டபோது 46 லட்சம் பேர் பதில் எழுதினார்கள். அவர்களில் 84 விழுக்காட்டினர் ஆண்டுக்கு இருமுறை மாற்றுவதை நிறுத்தச் சொன்னார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019இல் அதை ஆதரித்து வாக்களித்தும் வேலை முடியவில்லை. நிறுத்துவதென்றால் எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதில் நாடுகள் ஒத்துப்போகவில்லை. காலை வெளிச்சமா, மாலை வெளிச்சமா என்பதுதான் அங்கும் கேள்வி.

ஆண்டுக்கு இருமுறை நடக்கும் அந்த மாற்றம் நம்மையும் தொடுகிறது. இங்கிலாந்தில் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் பந்தாட்டம், அவர்களின் கோடை நேரத்தில் நமக்கு இரவு பத்துக்கு வரும். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் பதினொன்றுக்கு வரும். லண்டனில் படிக்கும் மகளுக்கு அழைக்கும் நேரமும் அன்றைக்கு ஒரு மணி நேரம் நகர்கிறது.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது என்று நாட்காட்டியில் அச்சாகியிருப்பது, காலை ஆறு மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. ஏழேகாலுக்கு உதிக்கும் நாளில் அதே கணக்குப்படி ராகுகாலம் எட்டே முக்காலுக்குத்தான் தொடங்கும். அச்சில் உள்ளதையே பார்ப்பவர்களும் உண்டு, உதயத்திலிருந்து எண்ணுபவர்களும் உண்டு. ராகுகாலம் பார்ப்பதும் பார்க்காததும் அவரவர் விருப்பம்; பார்ப்பதென்றால் உதயத்திலிருந்து எண்ணுவதுதான் அதன் முறை. பள்ளிவாசல்களில் தொழுகை நேரம் சூரியனை வைத்தே கணிக்கப்படுவதால் அங்கே இந்தக் குழப்பம் இல்லை.

பருவத்துக்குப் பருவம் கடிகாரத்தை மாற்றுவது நமக்குப் பொருந்துமா? பொருந்தாது. லண்டனில் கோடைப் பகல் பதினாறரை மணி நேரம், குளிர்காலப் பகல் எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சித்தியவானில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே அரை மணி நேரம்தான். மிச்சம் பிடிக்க இங்கே கூடுதல் வெளிச்சமே இல்லை. இன்றைய மலேசிய எல்லைக்குள் சரவாக்கில் மட்டும் 1935 முதல் 1941 வரை செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை 20 நிமிடம் தள்ளிப் பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

நேரத்தையே மாற்றிப் பார்த்த இலங்கையின் அனுபவமும் நமக்குப் பாடம். மின்சாரத் தட்டுப்பாட்டால் 1996 மே மாதம் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்தார்கள். அக்டோபரில் அரை மணி நேரம் திரும்ப எடுத்தார்கள். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்ததால், ஒரே தீவில் இரண்டு நேரம் ஓடியது. 2006 ஏப்ரலில்தான் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பியது.

அசாமின் தேயிலைத் தோட்டங்கள் வேறு வழி கண்டன. இந்திய நேரம் அங்கே சூரியனுக்குப் பின்தங்கியிருப்பதால், தோட்டத்துக்குள் மட்டும் ஒரு மணி நேரம் முந்திய ‘பாகான் நேரம்’ வைத்துக்கொண்டார்கள். நாட்டின் கடிகாரத்தைத் தொடவில்லை, வேலை நேரத்தை வெளிச்சத்துக்கு ஏற்ப அமைத்துக்கொண்டார்கள். நமக்கும் இதுவே போதும். விமானம், வங்கி, சிங்கப்பூர் வணிகம் எல்லாம் 8 மணிக் கணக்கில் பழகி நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அதைக் கலைக்கத் தேவையில்லை. தீபகற்பத்தில் காலைப் பள்ளி எட்டு மணிக்கோ எட்டேகாலுக்கோ தொடங்கட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அடுத்த முறை இதைக் கேளுங்கள். மாலைப் பள்ளி நேரமும் வேன் கட்டணமும் அலுவலக நேரமும் தடையாக வரும் என்பார்கள். அவை பேசித் தீர்க்கக்கூடியவை. ஆனால் கடிகாரத்தைத் தொடாமல், பிப்ரவரித் தொடக்கத்தில் ஏறக்குறைய ஏழரை மணிக்கு முன் சித்தியவானில் சூரியனை வரவைக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது.