உரிமம் கேட்காத கேள்வி

சரக்கு லாரி ஓட்டுநர் ஒருவரை அவருடைய மனைவி அண்மையில் என்னிடம் சிகிச்சைக்கு அழைத்து வந்தார். தமக்குக் குறை ஏதுமில்லை என்றே ஓட்டுநர் சாதித்தார். "குறட்டை விடுறப்ப மூச்சு நின்னு நின்னு வருதுங்க" என்றார் மனைவி. நோய் இன்னதென்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதே 'ஸ்லீப் ஆப்னியா' எனப்படும் உறக்க மூச்சுத்தடை. ஒவ்வொரு முறையும் 10 விநாடிகளோ அதற்கு மேலோ மூச்சு நிற்கும். ஆக்சிஜன் குறைந்ததும் மூளை விழித்து மூச்சை மீட்கும்; காலையில் அது நினைவில் இராது. மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ இவ்வாறு நேர்ந்தால் நோய் கடுமையானது. எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் அவர் உறங்கியவர் ஆகமாட்டார். பகலில் தமக்குக் கண் செருகுவதுகூட அவருக்குத் தெரியாமல் போகலாம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் லாரி 3 விநாடிகளில் சுமார் 67 மீட்டரைக் கடந்துவிடும்.

இந்தியாவில் 2022-இல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அதிவேகமே காரணம் என்று பதிவாகியுள்ளது. பிரேக் பிடித்த தடமே இல்லாமல், நின்றிருந்த வண்டியின் பின்னால் மோதியவையும் அந்தக் கணக்கில்தான் சேர்கின்றனவோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

உரிமத்துக்கான மருத்துவச் சான்றிதழான படிவம் 1-ஏ பார்வை, செவித்திறன், மாலைக்கண் ஆகியவற்றைப் பற்றிக் கேட்கிறது. உறக்கத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இலேயே இந்நோயை உரிம விதிகளில் சேர்த்துவிட்டது. நோய் கட்டுக்குள் இருப்பதாகவும் பகல் தூக்கம் குறைந்திருப்பதாகவும் மருத்துவர் சான்றளித்தால் அங்கு உரிமம் பெறலாம்; கனரக வாகன ஓட்டுநர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் மறு ஆய்வு உண்டு.

இரண்டாம் பாதிதான் முக்கியம். பிழைப்பு பறிபோகும் என்று அஞ்சும் ஓட்டுநர் எந்தப் படிவத்திலும் உண்மையை எழுதமாட்டார். உறங்கும்போது முகமூடி வழியே காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி நல்ல பலன் தரும். ஆனால், அதன் விலை ஓட்டுநரின் மாத வருமானத்தை விழுங்கிவிடும். அச்செலவில் ஒரு பங்கை வாகன உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும் ஏற்பதே நியாயம்.

என்னிடம் வந்தவர், கருவி லாரி பேட்டரியில் ஓடுமா என்று கேட்டார். தக்க இணைப்பு இருந்தால் ஓடும் என்றேன். எழுந்து செல்லும்போது தயங்கி நின்றார். "சீட்டுல குறட்டைன்னு மட்டும் போடுங்க சார். ஓனருக்குத் தெரிஞ்சா வண்டி தரமாட்டாரு."