கூட்டு சர்வரில் சேருமுன் எழுதி வாங்குங்கள்

திருச்சுழிப் பக்கத்து மிளகாய் விவசாயிகளின் உற்பத்தியாளர் நிறுவனம் கூடினாலும், அருப்புக்கோட்டை நெசவாளர் சங்கம் கூடினாலும், ஊராட்சி மகளிர் கூட்டமைப்பு கூடினாலும், பேச்சு பணத்தைச் சுற்றித்தான் வரும். யாருக்கு எவ்வளவு கடன், யார் தவணை கட்டவில்லை, எந்த வியாபாரி என்ன விலை சொன்னார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏற முடியாத உறுப்பினருக்குக் காணொளிக் கூட்டம் பெரிய உதவி. ஆனால் நாலு சுவருக்குள் பேச வேண்டியதை யாருடைய சர்வரில் பேசுகிறோம்?

கொரோனா ஊரடங்கில் எல்லோரும் ஜூமில் இறங்கியபோது, அது பாதுகாப்பான தளமல்ல என்று மத்திய உள்துறை அமைச்சகம் 2020 ஏப்ரல் 16 அன்று எச்சரித்தது. கூட்டத்தில் இருப்பவர்களைத் தவிர வேறு யாரும் கேட்க முடியாதபடி பேச்சைப் பூட்டியிருப்பதாக ஜூம் நிறுவனம் சொன்னது உண்மையல்ல என்று அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க வணிக ஆணையம் குற்றம்சாட்டியது. நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

மாற்றாக ஜிட்சி, பிக்புளூபட்டன் என்ற கட்டற்ற மென்பொருள்கள் இருக்கின்றன. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு தன் தமிழ்க் கூட்டங்களை ஜிட்சியில்தான் நடத்திவருகிறது. மென்பொருளுக்குக் காசில்லை, அது ஓடும் சர்வருக்குத்தான் செலவு. பிக்புளூபட்டனை ஒழுங்காக ஓட்ட 16 ஜிபி நினைவகம், 8 கோர் செயலி, பதிவும் செய்வதானால் 500 ஜிபி இடம் வேண்டும் என்று அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். ஒரு சின்னச் சங்கத்துக்கு இது கட்டுப்படியாகாது. பத்து சங்கங்கள் சேர்ந்தால் ஆகும். 2020இல் வெளிநாட்டில் தொடங்கிய ‘மீட் கூப்’ இப்படித்தான் நடந்தது: பயன்படுத்தும் அமைப்புகளே சந்தா கட்டி உறுப்பினராகி, பிக்புளூபட்டனைக் கூட்டுறவாக நடத்தின. இங்கே இந்தியக் கட்டற்ற மென்பொருள் சமூகம் நன்கொடையில் ஜிட்சி சர்வர் நடத்தியிருக்கிறது.

உறுப்பினராகச் சேருவதில் ஒரு பலன் உண்டு. ஜிட்சியின் பொதுத் தளத்தில் யாரும் கணக்கில்லாமலே அறை திறக்கலாம் என்றிருந்தது. 2023 ஆகஸ்டில் அதை நிறுத்திவிட்டார்கள். வெறுமனே லிங்க் எடுத்துப் பயன்படுத்தியவர்களை யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. சந்தா கட்டிய சங்கத்துக்கு, ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்கும் உரிமை இருக்கும்.

கட்டற்ற மென்பொருள் என்றாலே ரகசியம் காக்கப்படும் என்று சிலர் நம்பிவிடுகிறார்கள். நிரலை யாரும் படித்துப் பார்க்கலாம், சரிதான். அந்த நிரல்தான் நம் சர்வரில் ஓடுகிறதா என்பது சர்வரை வைத்திருப்பவருக்கே தெரியும். வேறு யாரும் கேட்க முடியாதபடி பூட்டும் முழுப்பூட்டுக் குறியாக்கம் ஜிட்சியில் நாமாகப் போட்டால்தான் உண்டு. போடாவிட்டால் பேச்சு சர்வருக்குள் ஒருமுறை திறந்துதான் போகிறது. பிக்புளூபட்டனின் பழைய பதிப்புகளில், பதிவுக்கு அனுமதித்த அறையில் சிவப்புப் பொத்தானை அழுத்துமுன் பேசியதும் சர்வரில் சேர்ந்துவிடும். தவணை கட்டாதவர் பெயரைப் பதிவுக்கு முன்னால்தானே சொன்னோம் என்று நினைத்திருப்போம். எந்தப் பதிப்பு ஓடுகிறது, மூலப் பதிவை எத்தனை நாளில் அழிக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

சட்டத்தின் கண்ணில் பொறுப்பு உங்கள் சங்கத்துக்குத்தான். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 8ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது: உறுப்பினர் தகவலைச் சேகரிக்கும் அமைப்பே பதில் சொல்ல வேண்டும், அந்த வேலையை இன்னொருவரிடம் கொடுத்தால் முறையான ஒப்பந்தம் வேண்டும். பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியப் பிரிவுகள் 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. ஒப்பந்தங்களைச் சரிசெய்ய இந்த இடைவெளி போதும்.

ஆகவே சேரும்போதே எழுத்தில் வாங்குங்கள். சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது, அதன் நிர்வாகி யார், பதிவுகள் யார் கையில், சர்வர் படுத்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது, தகவல் கசிந்தால் எத்தனை மணி நேரத்தில் சொல்வார்கள். விலகும்போது எங்கள் பதிவுகளை எங்களிடம் கொடுத்துவிட்டு உங்கள் நகலை அழிக்க வேண்டும் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். இந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுளிக்கிற சேவையில் சேர வேண்டாம் என்பேன். சங்கத்துக்குள்ளும் வேலை உண்டு: அறைக்குக் கடவுச்சொல், காத்திருப்பு அறை, லிங்க்கைப் பொது வாட்ஸ்அப் குழுவில் போடாதிருப்பது. சிக்னல் இழுக்கும் ஊர்க்காரர் படத்தை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் வரலாம். அதற்காக அவரை வராதவராகக் கணக்கு வைக்காதீர்கள்.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்ததும் உறுப்பினர் கையில் சில உரிமைகள் வரும். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் கேட்கலாம். கொடுத்த ஒப்புதலை, கொடுத்தபோது இருந்த அதே எளிமையோடு திரும்பப் பெறலாம். தன் தகவலைத் திருத்தவோ அழிக்கவோ சங்கத்திடம் எழுதிக் கேட்கலாம். புகாருக்கு 90 நாளுக்குள் பதில் வர வேண்டும், வராவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போகலாம். ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் சம்மதமில்லாமல் யாராவது எடுத்துப் பரப்பினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66E பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. அதற்கு இன்றே புகார் கொடுக்கலாம். கூட்டத்தில் கேட்ட விவரத்தை வைத்து யாராவது பணம் பறித்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, வங்கியில் அந்தப் பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.