காரீயமும் இதயமும்

ஓசூருக்கு அருகே பாலிகானப்பள்ளியில் 1997ஆம் ஆண்டு சாந்தி பவன் என்னும் உறைவிடப் பள்ளியைத் தொடங்கியது ஜார்ஜ் அறக்கட்டளை. அதே அறக்கட்டளை 1999இல் இந்தியப் பெருநகரங்களில் வாழ்வோரின் குருதியைச் சோதித்து ஓர் ஆய்வை வெளியிட்டது. 12 அகவைக்கு உட்பட்ட குழந்தைகளுள் பாதிக்கும் மேற்பட்டோரிடம், ஒரு டெசிலிட்டர் குருதிக்கு 10 மைக்ரோகிராம் என்ற அன்றைய எல்லையைக் காரீயம் கடந்திருந்தது. ஆய்வை முன்னின்று நடத்தியவர் பெங்களூர் செயிண்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் வெங்கடேஷ் துப்பில். காரீயம் கலந்த பெட்ரோலின் விற்பனை 2000ஆம் ஆண்டில் நாடெங்கும் நின்றது.

அன்று கவலையெல்லாம் குழந்தைகளின் மூளையைப் பற்றியது. அது தேவையான கவலைதான். பெரியவர்களின் இதயமோ கணக்கில் வராமலே போயிற்று.

உடல் காரீயத்தைச் சுண்ணாம்புச் சத்தென்றே எண்ணி ஏமாறுகிறது. குருதியில் அது ஏறக்குறைய ஒரு திங்களில் பாதியாகக் குறையும். எலும்புக்குள் புகுந்ததோ பல பத்தாண்டுகள் தங்கி, முதுமையில் எலும்பு தேயும்போது மீண்டும் குருதிக்குத் திரும்பும். குருதிக்குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்துதான் குழாயைத் தளர்த்துகிறது. காரீயம் அந்தச் சுரப்பைக் குலைக்கிறது. குழாய் இறுகுகிறது, அழுத்தம் உயர்கிறது, சுவரில் கொழுப்பு படிகிறது. காட்மியம் என்னும் மற்றொரு உலோகம் சிறுநீரகத்தில் பத்தாண்டுக் கணக்கில் சேர்ந்து இதே கேட்டை வேறு வழியில் செய்கிறது. புகையிலைப் புகையிலும் அது உண்டு. 2019இல் மட்டும் காரீயத்தால் நேர்ந்த இதயக் குருதிக்குழாய் நோய்களால் உலகில் 55 இலட்சம் பெரியவர்கள் இறந்ததாக உலக வங்கி ஆய்வாளர்கள் 2023இல் மதிப்பிட்டனர். காரீயம், காட்மியம், ஆர்சனிக் மூன்றும் இதய நோய்க்கு இடர்க்காரணிகள் என அதே ஆண்டில் அமெரிக்க இதயச் சங்கம் அறிவித்தது.

நந்தி மலைப்பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை ஆறு, பெங்களூரின் கழிவுநீரையும் ஏற்றுக்கொண்டே ஓசூருக்கு அருகேயுள்ள கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கே நுரை பொங்கினால் ஊரே பதறுகிறது. பதற வேண்டியதே. ஆனால் கழிவோடு வரக்கூடிய உலோகம் நுரைப்பதில்லை, நாறுவதுமில்லை. வண்டலில் ஓசையின்றிப் படியும். ஆகவே நுரை அடங்கியதும் அச்சமும் அடங்குவது தவறு.

குருதியில் ஏறிய காரீயத்தை மருந்தால் வெளியேற்றி இதயத்தைக் காக்கலாமா? மாரடைப்பு கண்ட நீரிழிவு நோயாளிகளிடம் இதைச் சோதித்த பெரிய ஆய்வின் முடிவு 2024இல் வந்தது. குருதிக் காரீயம் 61 விழுக்காடு குறைந்தது. இதய நிகழ்வுகள் குறையவில்லை. நஞ்சு உள்ளே புகாமல் தடுப்பதையே நாம் முதன்மையாக நம்ப வேண்டியிருக்கிறது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், மருத்துவர் அரசுக்கு அறிவித்தே ஆகவேண்டிய நோய்களின் பட்டியலில் காரீய நச்சை முதலாவதாக வைத்தது. பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் சிறு பட்டறைத் தொழிலாளிக்கு அந்தச் சட்டத்தின் கை எட்டியது அரிது. அவர் சட்டையில் ஒட்டிய தூளோடு வீடு சேர்கிறார். அத்தூளைக் குழந்தையும் உண்கிறது.

ஓசூர், கிருட்டிணகிரி மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குருதியழுத்தத்தோடு வருபவரிடம் உப்பையும் புகையையும் கேட்பதோடு, என்ன வேலை செய்கிறீர்கள் என்றும் கேளுங்கள். உலோகத்தோடு உழைப்பவராயின் குருதியில் காரீயத்தின் அளவைச் சோதிக்கச் செய்யுங்கள்.