டான்சில் ஆபரேஷன்: ஐந்தாம் நாள் வலிக்குத் தயாரா?

டான்சில் எடுத்தால் ஐஸ்க்ரீம் சாப்பிட்டுக்கொண்டே நாலு நாளில் சரியாகிவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். குழந்தைகளுக்கே அதைவிடக் கூடுதல் நாள் ஆகும். பெரியவர்களுக்கு 10 முதல் 14 நாள் ஆகும். லீவையும் அந்தக் கணக்கில்தான் போட வேண்டும்.

முதல் இரண்டு நாள் பரவாயில்லை போலத் தோன்றும். மூன்றாம் நாளிலிருந்து வலி கூடும். காதும் வலிக்கும், காதில் கோளாறு இல்லை, தொண்டைக்கும் காதுக்கும் பொதுவான நரம்புதான் காரணம். கண்ணாடியில் பார்த்தால் தொண்டையில் வெள்ளைப் படலம் தெரியும். சீழ் என்று பயந்து சுரண்டாதீர்கள். புண் ஆறுவதற்கான பொருக்கு அது. வாய் நாற்றமும் அதனால்தான்.

வலிக்கிறதே என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பதுதான் பெரிய தப்பு. தொண்டை காய்ந்தால் வலி இன்னும் ஏறும். மருத்துவர் எழுதித்தந்த வலி மாத்திரையை நேரம் தவறாமல் போடுங்கள், இரவுக்கும் சேர்த்து போனில் அலாரம் வையுங்கள். மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துச் சாப்பிட்டால் விழுங்குவது சுலபம். ஆறிய கஞ்சி, குழைந்த தயிர் சாதம், பாலில் ஊறிய இட்லி, இளநீர் போதும். முறுக்கு, காரம், புளிப்பு வேண்டாம். வீட்டில் அன்போடு நீட்டும் சூடான மிளகு கஷாயமும் இப்போது வேண்டாம். சிகரெட்டைத் தொடவே கூடாது. ஆஸ்பிரின் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடக் கூடாது. இதயத்துக்காக ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் எப்போது தொடரலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை அந்தப் பொருக்கு உதிரும். அப்போது சிலருக்கு ரத்தம் கசியலாம். எச்சிலில் மெல்லிய கோடு போல வந்து நின்றாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சிவப்பாகப் புது ரத்தம் வந்தால், நள்ளிரவாக இருந்தாலும் காத்திருக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, ரத்தத்தை விழுங்காமல் துப்பிக்கொண்டு 108-ஐ அழையுங்கள். நின்றுவிட்டதே என்று பாதி வழியில் திரும்பவும் வேண்டாம், மறுபடி வரலாம்.

இதனால்தான் ‘சொந்த ஊர் போய் ரெஸ்ட் எடுக்கிறேன்’ என்று கிளம்புகிறவர்களிடம் ஒரு கேள்வி: ராத்திரியில் காது மூக்கு தொண்டை மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரி அங்கே பக்கத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்துப் போங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்திருங்கள். வேறு சந்தேகங்களுக்கு 104-ல் எந்த நேரமும் கேட்கலாம்.