வறட்சியில் பருத்தி பிஞ்சு உதிர்ப்பது ஏன்?

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பருத்தி நூலின்றிக் கண்டாங்கி இல்லை. ஆகவே பருத்தி காய் பிடிப்பது பயிரிடுவோருக்கு மட்டுமன்றி, தறியில் அமர்வோருக்கும் உரிய விஷயமாகும்.

அரியக்குடி முதலாக, கண்மாயையும் மழையையும் நம்பிய நம் செட்டிநாட்டு ஊர்களில், மழை பொய்த்தால் பயிர் படும் பாட்டைச் சொல்ல வேண்டுவதில்லை. சப்பையும் பிஞ்சும் உதிரக் கண்டதும், அது நோய் என்றெண்ணிக் கண்ட மருந்தையெல்லாம் கடன்பட்டு வாங்கித் தெளிப்போர் உண்டு. உதிர்வுக்குப் பூச்சியும் காரணமாகலாம். ஆனால் வறட்சிக் காலத்து உதிர்வு பெரும்பாலும் செடி தன் உயிரைக் காத்துக்கொள்ளச் செய்யும் ஏற்பாடேயாகும்.

செடிக்கு நிழல் தேடி ஓடக் கால்கள் இல்லை. எனவே அது தன்னுள் சில பொருள்களை மிக நுண்ணிய அளவில் உண்டாக்கி, துன்பம் வந்ததை மற்ற உறுப்புகளுக்கு அறிவிக்கிறது. இவையே ஹார்மோன்கள். இவை உணவுமல்ல, உரமுமல்ல. செய்தி சுமக்கும் தூதுவர்களே.

இவற்றுள் அப்சிசிக் அமிலம் என்பது பருத்தியிலேயே கண்டறியப்பட்டதாகும். கலிபோர்னியாவில் ஆடிகாட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், காய் உதிர்வதன் காரணத்தை ஆராய்கையில், 1963-இல் இளங்காய்களிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். மண்ணில் ஈரம் குறைந்ததும் இப்பொருள் பெருகி, இலைத்துளைகளை மூடச் செய்கிறது. நீர் வெளியேறுவது குறைகிறது, செடி பிழைக்கிறது. ஆனால் அதே துளைகளின் வழியே கரியமில வாயுவும் உட்புக வேண்டியிருத்தலால், செடி தயாரிக்கும் உணவும் குறைந்துவிடுகிறது. வரவு குறைந்த குடும்பம் செலவைச் சுருக்குவது போல, செடியும் தாங்க இயலாத பிஞ்சுகளைக் கைவிடுகிறது.

இவ்வுதிர்வில் வேறிரு ஹார்மோன்களுக்கும் பங்குண்டு. ஆக்ஸின் என்பது காம்பின் இணைப்பை உறுதியாக வைத்திருக்கிறது. ஆக்ஸின் குறைந்து எதிலீன் மிகுந்தால், இணைப்பு தளர்ந்து பிஞ்சு விழுகிறது. அதனால்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், ஆக்ஸினைப் போன்ற நாப்தலின் அசிட்டிக் அமிலத்தைப் பருத்திக்குத் தெளிக்குமாறு பரிந்துரைத்துள்ளது. அளவு பத்து லட்சத்தில் 40 பங்கு. அதாவது லிட்டர் நீருக்கு 40 மில்லிகிராம்.

அளவு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது இங்கே முற்றிலும் பொருந்தும். நெல்வயலில் களை கொல்லத் தெளிக்கும் 2,4-டி என்பதும் ஆக்ஸின் இனத்தைச் சேர்ந்ததே. பருத்தி அதன் சிறு துளியையும் தாங்காது. இலை சுருங்கிச் சிதைந்துவிடும். எனவே அக்களைக்கொல்லிக்குப் பயன்பட்ட தெளிப்பானைப் பருத்திக்குப் பயன்படுத்தலாகாது. சங்கத்தின் பொதுத் தெளிப்பானை வாங்கிச் செல்வோர், முன்னர் அது எதற்குப் பயன்பட்டதெனக் கேட்டறிந்து கொள்வது அவசியம்.

ஹார்மோன் தெளிப்பு மழைக்கு ஈடாகாது. கிணற்றில் ஒரு தண்ணீருக்கே வழியிருப்பின், பூத்துக் காய் பிடிக்கும் தருணத்திற்கு அதனை ஒதுக்குக. நிலத்தை இலைதழைகளால் மூடி ஈரத்தைக் காத்திடுக. உதிர்ந்த பிஞ்சைக் கண்டதும் கடைக்கு விரையாமல், முதலில் பூச்சி துளைத்த அடையாளம் உண்டா என்று பார்த்து, பின் மண்ணைத் தோண்டி ஈரத்தைப் பார்க்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். வேண்டாத மருந்துக்குக் கடன் வாங்காதிருப்பதும் ஒரு மகசூலே.