ஏழைகளின் ஊட்டியில் ஒரு வீடு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அவற்றை ரசிப்பதற்கென்றே ஜன்னலோரத்து ஆசனத்துக்குப் போட்டி போடுகிறவர்கள் உண்டு. சென்ற வருஷம் நம்முடைய நண்பர் ஒருவருக்கு அந்த வளைவுகள் ஒவ்வொன்றும் மனப்பாடமாகிவிட்டன. மலைமேல் உள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்கு உபாத்தியாயராக மாற்றலாகிப் போன அவர், குடும்பத்துடன் வசிக்க ஒரு ஜாகை தேடி ஞாயிறுதோறும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணைக்கு நாமும் போனோம்.

அன்று நல்ல சகுனம் போலும். ஏரிக்குச் சற்றுத் தூரத்தில் ஒரு வீடு அகப்பட்டது. இரண்டு அறை, சமையலறை, வாசலில் இரண்டு சில்வர் ஓக் மரங்கள். நண்பருக்கு மனம் நிறைந்துவிட்டது. வாடகை என்னவென்று விசாரித்தார்.

"மாசத்துக்கா சார், நாளுக்கா?" என்று வீட்டுக்கார அம்மாள் கேட்டாள்.

"குடித்தனம் வைக்கப் போறேன் அம்மா. மாசத்துக்குத்தான்."

"அப்போ 8,000 கொடுங்க. ஆனா, ஏப்ரல், மே ரெண்டு மாசமும் காலி பண்ணிக் கொடுத்துடணும். சாமானெல்லாம் பின்னால் இருக்கிற அறையில் போட்டுக்கலாம். ஜூன் பிறந்ததும் திரும்பி வந்துடுங்க."

பரீட்சை நடக்கும் ஏப்ரல் மாதத்தில் உபாத்தியாயர் வீட்டைக் காலி செய்துகொண்டு எங்கே போவது? நண்பர் ஒன்றும் பேசாமல் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

ஏற்காட்டுக்கு 'ஏழைகளின் ஊட்டி' என்று ஒரு செல்லப் பெயர் வழங்குகிறது. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில், பஸ் கட்டணத்தைத் தவிர அதிகச் செலவில்லாமல் குளிர்காற்று வாங்கலாம் என்பதால் வந்த பெயர். ஆனால் இந்தப் பெயரை வைத்தவர்கள் இரண்டு நாள் தங்கிப் போகிறவர்கள். வருஷம் முழுவதும் அங்கேயே வாழவேண்டிய ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் அந்தப் பெயர் பொருந்துமா என்பதை, மற்ற ஊர்களின் வாடகையோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

சென்னையில் வாடகை ஏன் அதிகம் என்று யாரும் கேட்பதில்லை. உத்தியோகம் அங்கே இருக்கிறது. ஆபீசுக்கு எவ்வளவு அருகில் வீடோ, வாடகையும் அவ்வளவு அதிகம். அதற்கு மேல் 'அட்வான்ஸ்' என்று பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் பழைய வழக்கமும் உண்டு. 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று அது சொல்கிறது. 'வேறு உடன்பாடு' என்ற அந்த இரண்டு வார்த்தைகளுக்குள் பழைய வழக்கம் சௌகரியமாகக் குடியிருந்து வருகிறது.

சேலத்தில் நிலைமை இவ்வளவு கடுமையில்லை. அஸ்தம்பட்டி, அழகாபுரம் பக்கம் கொடுக்கும் வாடகைக்கு, நெசவாளர் மிகுந்த அம்மாப்பேட்டைப் பக்கம் இன்னும் ஓர் அறை சேர்த்தே கிடைக்கும். கையில் கொஞ்சம் ரொக்கம் இருந்தால் போக்கியத்துக்கு வீடு பிடித்து, மாத வாடகையே இல்லாமல் காலந்தள்ளுகிறவர்களும் உண்டு. சென்னையானாலும் சேலமானாலும் ஒரு விஷயம் பொது: வீட்டுக்காரர் எதிர்பார்ப்பது மாதா மாதம் தவறாமல் பணம் கொடுக்கும் நல்ல குடித்தனக்காரரை.

ஏற்காட்டில்தான் கணக்கு மாறுகிறது. அந்த அம்மாள் சொன்ன 8,000 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். உல்லாசப் பயணிகளுக்கு விட்டால் நாள் வாடகை 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சனி, ஞாயிறு மட்டும் ஆள் வந்தாலும் மாதத்தில் எட்டு நாளைக்கு 16,000 ரூபாய் ஆயிற்று. மற்ற நாட்களெல்லாம் வீடு பூட்டிக் கிடந்தாலும் இரட்டிப்பு வருமானம்! கோடை விழா நடக்கும் மே மாதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே நம் நண்பர் போட்டியிட்டது இன்னோர் உபாத்தியாயரோடு அல்ல. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் காரில் வரும் விடுமுறைக்காரரோடு.

ஓர் ஊரின் வாடகையை அங்குள்ளவர்களைவிட வருகிறவர்களே நிர்ணயிப்பது புதிதல்ல. 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பீதியில் சென்னைவாசிகள் மூட்டை முடிச்சுகளுடன் உள்ளூர்களுக்குப் புறப்பட்டார்கள். பட்டணத்து வீடுகள் காலியாயின. வெளியூர்களில் மாட்டுக் கொட்டகைக்குக்கூடக் கிராக்கி வந்தது. ஆனால் அந்தப் பீதி சில மாதங்களில் தீர்ந்தது. ஏற்காட்டின் விடுமுறைக்காரர் வாராவாரம் வருகிறார்.

சர்க்கார் இதற்கு என்ன செய்கிறது? மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் வீட்டு வாடகைப் படி, ஊரின் ஜனத்தொகையைப் பொறுத்தது. 2024 ஜனவரி முதல், 50 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் உள்ள நகரங்களில் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவிகிதம். 5 லட்சத்துக்கு மேற்பட்ட நகரங்களில் 20. மற்ற ஊர்களில் 10. அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாயானால் சென்னையில் 12,000, சேலத்தில் 8,000, ஏற்காட்டில் 4,000. தபாலாபீசில் வேலை பார்ப்பவரும், தாவரவியல் ஆராய்ச்சிக்காக அங்கே அமைந்துள்ள ஆர்க்கிட் தோட்டத்தில் வேலை பார்ப்பவரும் இந்தக் கடைசி வகுப்பில்தான் சேருகிறார்கள். ஊரில் வசிக்கிறவர்களை எண்ணினார்கள். வந்து போகிறவர்களை எண்ண மறந்தார்கள்!

வீட்டுக்கார அம்மாளை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? மணலும் சிமெண்டும் அந்த இருபது வளைவுகளையும் ஏறித்தான் வரவேண்டும். மழைக்காலத்து ஈரம் சுவரை அரிக்கிறது. வருஷந்தோறும் வெள்ளையடித்தாலும் பூஞ்சணம் போகிறதில்லை. அந்த அம்மாளுக்கு அந்த ஒரு வீடுதான் சொத்து. இரட்டிப்பு வருமானத்தை அவள் மட்டும் ஏன் தியாகம் செய்யவேண்டும்?

வாடகையே கொடுக்காதவர்களும் மலையில் இருக்கிறார்கள். 1820 முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இங்கே காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார்; பின்னர் தோட்டங்கள் பெருகின. 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளருக்கு வீடு கட்டிக் கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட முதலாளியின் மேல் வைத்தது. இப்படி வந்தவைதான் லயன் வீடுகள். வாடகை இல்லைதான், ஆனால் வேலை போனால் வீடும் போகும். முப்பது வருஷம் காப்பிப் பழம் பறித்தவள், முதுமையில் தலைசாய்க்க வேறு இடம் தேடவேண்டும். எந்த வாடகை அதிகம் என்று கேட்டால், இதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கவேண்டும்.

மலைக்கு உரியவர்களான மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தார் அல்லர், காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய ஐதீகம்) தங்கள் கிராமங்களில் சொந்தக் குடிசைகளிலும் வீடுகளிலும் இருக்கிறார்கள். சேர்வராயன் கோயில் திருவிழாவில் மலை அவர்களுடையது. மற்ற நாட்களில் டவுனில் ஓர் அறை வாடகைக்கு வேண்டுமென்றால், அவர்களும் நம் நண்பருக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும்.

இந்தத் தொல்லை உலகத்துக்கே பொதுவாகிவிட்டது. நியூயார்க் நகரம் 2023 செப்டம்பர் முதல், 30 நாளைக்குக் குறைவாக வீடு விடுகிறவர் தாமும் அங்கேயே வசிக்கவேண்டும், பதிவும் செய்யவேண்டும் என்று கண்டிப்பாக அமல் நடத்துகிறது. ஸ்பெயின் தேசத்துப் பார்ஸிலோனா, தன் 10,101 சுற்றுலாக் குடியிருப்புகளின் அனுமதியை 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிப்பதில்லை என்று 2024-ல் அறிவித்தது. அவ்வளவு தூரம் நாம் போகவேண்டியதில்லை. முதலில் நாள் வாடகை வீடுகள் எத்தனை என்று ஒரு நேர்மையான கணக்கு எடுக்கட்டும். வருஷம் முழுவதும் குடித்தனத்துக்கு விடுகிறவருக்கு வீட்டு வரியில் சலுகை கொடுக்கட்டும். உபாத்தியாயருக்கும் நர்சுக்கும் பஸ் கண்டக்டருக்கும் மலைமேல் சிறிய குடியிருப்புகள் கட்டட்டும். வாடகைப் படியை ஜனத்தொகையைப் பார்க்காமல், வாடகையைப் பார்த்து நிர்ணயிக்கட்டும். துரைமார் தங்கள் சுகவாசத்துக்கு ஏற்படுத்திய மலைவாச ஊர்கள் சுதந்திரத்துக்குப் பின்னும் விருந்தாளிகளுக்கு மட்டுமே உரியவையாக இருக்கலாமா?

நம் நண்பர் கடைசியில் சேலத்திலேயே 7,500 ரூபாய்க்கு ஒரு வீடு பிடித்தார். விடியுமுன் எழுந்து பஸ் ஏறுகிறார். மழையில் பாதையில் மண் சரிந்த நாட்களில் அவருடைய வகுப்பு உபாத்தியாயர் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. மாலையில் பிள்ளைகள் சந்தேகம் கேட்க வந்தால் அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிடுகிறது. இந்த நஷ்டத்தை எந்த வாடகைச் சீட்டிலும் எழுதுவதில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் மறுபடி அந்த வீட்டு வழியாகப் போனோம். வெள்ளிக்கிழமை வரையில் ஆள் வராது போலிருக்கிறது. கதவில் பூட்டுத் தொங்கியது. சில்வர் ஓக் மரங்களிலிருந்து பனிநீர் சொட்டிக்கொண்டிருந்தது.